இளம் பெற்றோரும் ரியாலிட்டி டீவியும்: கொழும்பு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து இளம் தாய்மார் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த டே கெயார் நல்லது என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சுக்கு நடுவே யாராவது ஒரு வீடியோத் துண்டைப் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் பதினாறு வயதில் பிள்ளை பெற்ற ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். இல்லாவிட்டால் பிக் பாஸ் வீட்டுக்குள் ஒரு அம்மா தன் பிள்ளையைக் கண்டு ஓடிப்போவார். அன்று முழுக்க அதே கதைதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் இலங்கைச் சட்டம். அபிப்பிராயம் வரும் இடங்களில் அது என்னுடையது.

எந்த நிகழ்ச்சிகளைப் பற்றிக் கதைக்கிறோம்?

முதலாவது, அமெரிக்காவின் எம்டிவியில் 2009 ஜூனில் தொடங்கிய 'சிக்ஸ்டீன் அண்ட் பிரெக்னன்ட்'. ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மாணவி. கர்ப்ப காலத்தின் பின்பாதியில் தொடங்கி, குழந்தை பிறந்து சில மாதம் வரை கேமரா கூடவே போகும். அதை வெட்டி ஒட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்குவார்கள். இடையிடையே பள்ளிக் கொப்பியில் கிறுக்கினது போலச் சித்திரங்கள் ஓடும். முதல் சீசனில் வந்த ஆறு பேரில் நால்வரை எடுத்து அதே வருடம் டிசம்பரில் 'டீன் மாம்' தொடங்கினார்கள். மேசி புக்அவுட், ஃபேரா ஆபிரகாம், அம்பர் போர்ட்வுட், கேட்லின் லோவல் என்பவர்கள் அவர்கள். 2011 இல் 'டீன் மாம் 2' வந்தது. பிறகு டிஎல்சியில் 2017 இல் 'அன்எக்ஸ்பெக்டட்'. பிரித்தானியாவில் பிபிசி த்ரீயும் இதே மாதிரி ஒன்றைக் காட்டியது.

தமிழில் இதற்கு நேர் ஜோடி கிடையாது. எங்களுக்கு இருப்பது பிக் பாஸ், தம்பதிகள் ஆடும் பாடும் போட்டிகள், பிள்ளைகளின் பாட்டுப் போட்டிகள், அப்புறம் யூடியூபில் கொட்டிக் கிடக்கும் குடும்பச் சேனல்கள். கடைசியாகச் சொன்னதுதான் இப்போது உண்மையான ரியாலிட்டி டீவி என்பது என் எண்ணம். அதற்குத் தயாரிப்பாளரும் தேவையில்லை, சனலும் தேவையில்லை.

அதில் காட்டுவதெல்லாம் உண்மையா?

நடப்பது உண்மை. காட்டுவது தெரிவு செய்தது. ஃபேராவின் கதையை எடுங்கள். அவர் கர்ப்பமாக இருந்தபோதே, 2008 டிசம்பரில், பிள்ளையின் தகப்பன் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய 'சிக்ஸ்டீன் அண்ட் பிரெக்னன்ட்' பகுதியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாது. தகப்பன் தொடர்பில் இல்லை என்ற மட்டில்தான் அங்கே கதை. மரணம் பிறகு 'டீன் மாம்' வந்தபோதுதான் வெளியே வந்தது. துக்கத்தில் இருந்த ஒரு பதினேழு வயதுப் பெண்ணை உலகம் முழுக்க 'திமிர் பிடித்தவள்' என்று திட்டியபோது, திட்டியவர்களிடம் கதையின் பாதிதான் இருந்தது.

இன்னொன்று பணம். பல வருடங்களாக இந்தப் பெண்களை நிகழ்ச்சி சாதாரண மாணவிகள் போலவே காட்டியது. வெளியே அவர்கள் சஞ்சிகை அட்டைகளில் வந்துகொண்டிருந்தார்கள், வீட்டு வாசலில் படப்பிடிப்பாளர்கள் நின்றார்கள், எம்டிவி சம்பளம் கொடுத்தது. திரையில் ஒன்றும் இல்லை. 2015 இல் பழைய நால்வரோடு நிகழ்ச்சி திரும்பி வந்தபோதுதான் தயாரிப்பாளர்கள் கேமரா முன்னால் வந்து கதைக்கத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் ஒரு பெண் எப்படி வாடகை கட்டுகிறாள் என்ற கேள்விக்கான மிகப் பெரிய பதிலே சட்டகத்துக்கு வெளியே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டாமா?

ஆகவே நான் பார்க்கும்போது ஒன்றைத்தான் தேடுவேன். இந்தக் காட்சியில் இவள் அழுகிறாள், சண்டை பிடிக்கிறாள், பரீட்சைக்குப் போகிறாள். அந்த நேரம் பிள்ளை யார் கையில்? பெரும்பாலும் ஓரத்தில் ஒரு அம்மம்மா தெரிவார். ஒரு தோளும் ஒரு பால்போத்தலும் மட்டும் தெரியும்.

அந்தப் பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

இதுதான் எல்லாரும் கேட்பது. கேட்கும்போதே 'யார் வென்றது, யார் தோற்றது' என்ற தொனி வந்துவிடுகிறது. நான் வேறு மாதிரிச் சொல்கிறேன்.

'டீன் மாம் 2' இல் வந்த செல்சி ஹவ்ஸ்காவை எல்லாரும் 'நன்றாக வந்த பிள்ளை' என்பார்கள். பள்ளியை இடையில் விட்டு, பிறகு அதற்குச் சமமான பரீட்சையில் சித்தியடைந்து, அழகுக்கலை படித்து, வேறொருவரை மணம் முடித்து, 2020 இல் தானாகவே நிகழ்ச்சியை விட்டார். பிறகு கணவரோடு வீடுகளைத் திருத்தி அமைக்கும் நிகழ்ச்சி ஒன்றும் நடத்தினார். எல்லாம் சரி. அவருடைய அப்பா ஒரு பல் வைத்தியர். மகள் தடுக்கி விழுந்த ஒவ்வொரு முறையும் வீட்டுச் செலவுக்கு அவர் பின்னால் நின்றார். செல்சிக்கு மனவுறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மனவுறுதிக்கு வாடகை கட்ட ஒருவர் இருந்தார்.

அதே நிகழ்ச்சியில் வந்த கெய்லின் லவ்ரிக்கு அப்படி ஒருவரும் இல்லை. பெற்றோர் இருவரும் கைவிட்ட நிலையில் காதலனின் பெற்றோர் வீட்டில் தங்கித்தான் பிள்ளை பெற்றார். காதல் முறிந்த பிறகும் அதே வீட்டில் இருக்க வேண்டி வந்தது. அந்தக் காட்சிகள் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும். மாமியார் வீட்டில், உரிமை இல்லாமல், குசினியில் சத்தம் போடாமல் நடப்பது. அவர் 2017 இல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். என்னைக் கேட்டால், பட்டியலில் முதலாவதாக வைக்க வேண்டியது அதைத்தான்.

அம்பர் போர்ட்வுட்டின் கதை கடினமானது. துணைவரை அடித்த காட்சி ஒளிபரப்பானது, வழக்காகியது. பிறகு போதைப்பொருள் வழக்கில் புனர்வாழ்வை இடைநிறுத்தி, 2012 இல் சிறையையே கேட்டுப் போனார். ஐந்து வருடத் தண்டனை. 2013 இறுதியில் வெளியே வந்தார். அவர் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒருவர் அடிக்கும்போது பக்கத்தில் ஒரு படப்பிடிப்புக் குழுவே நின்றது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

மேசியைப் பற்றி ஒரு வரி: பிள்ளையின் தகப்பனோடு உறவு முறிந்தாலும் தகப்பனின் பெற்றோர் பேரனை விடவில்லை. விவாகரத்தான குடும்பங்களுக்கு அதில் படிக்க நிறைய இருக்கிறது.

இப்படி நிகழ்ச்சி பார்த்தால் எங்கள் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்தானே?

இதற்கு ஆய்வே நடந்திருக்கிறது. மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளியலாளர்கள், எந்தப் பகுதிகளில் எம்டிவி அதிகம் பார்த்தார்கள், அங்கே பதின்மவயதுப் பிரசவங்கள் எப்படி மாறின என்று ஒப்பிட்டார்கள். நிகழ்ச்சி தொடங்கிய 18 மாதங்களில் பதின்மவயதுப் பிரசவங்கள் 4.3 சதவீதம் குறைய இந்த நிகழ்ச்சி காரணம் என்பது அவர்கள் முடிவு. ஒளிபரப்பான இரவுகளில் கருத்தடை பற்றிய கூகுள் தேடல்கள் கூடியதையும் காட்டினார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, அந்த முறை நம்பத்தக்கதல்ல என்று மறுத்தார்கள். அமெரிக்காவில் இந்த வீதம் 1991 இலிருந்தே விழுந்துகொண்டிருந்தது: அப்போது 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 பிரசவங்கள், 2022 இல் 13.6. ஓடிக்கொண்டிருந்த சறுக்கலில் ஒரு நிகழ்ச்சி எவ்வளவு தள்ளியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனால் 'பார்த்துக் கெட்டார்கள்' என்பதற்கு இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. தூக்கமில்லாத இரவு, முலைக்காம்பு வெடிப்பு, பிரிந்துபோன காதலன், தவறிய பரீட்சை என்று காட்டுவதைப் பார்த்து ஒரு பெண்பிள்ளைக்கு ஆசை வராது. அதைவிட, மெல்லிய இசை பின்னால் ஓட, பலூன் கட்டி, வெள்ளை உடுப்புப் போட்டு எடுக்கும் 'கர்ப்பிணி ஃபோட்டோஷூட்' வீடியோக்கள்தான் எனக்குப் பயம் தருகின்றன. அவற்றில் யாருக்கும் மூலநோய் வருவதில்லை.

எங்கள் அம்மம்மா பதினாறு வயதில் பெற்றாரே, அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பெற்றார். அவருக்குத் தாய், பெரியம்மா, சின்னம்மா, அயல் வீட்டு ஆச்சி எல்லாரும் ஒரே ஒழுங்கையில் இருந்தார்கள். நாற்பத்தொரு நாள் அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. இன்றைக்கு வெள்ளவத்தையில் நாலாம் மாடி அனெக்ஸில் இருக்கும் இருபத்திரண்டு வயதுத் தாய்க்கு அம்மா யாழ்ப்பாணத்தில் அல்லது ஸ்காபரோவில். கணவர் இரவு எட்டு மணிக்கு வருவார். பத்தியச் சமையல் வீடியோ அழைப்பில் நடக்கிறது. அம்மம்மாவின் வயதை மட்டும் எடுத்துப் பேசி, அவரைத் தாங்கிய ஆட்களை மறந்துவிட்டால் அந்த ஒப்பீடு நிற்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. அம்மம்மா தலைமுறையில் பிரசவத்தில் இறந்த பெண்களின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது, சொல்லக் கேட்க ஆள் இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை கர்ப்பமானால் சட்டம் என்ன சொல்கிறது?

கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் அமெரிக்க நிகழ்ச்சியை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் கூட, தண்டனைச் சட்டக்கோவையின் 1995 திருத்தத்தின்படி பாலியல் வல்லுறவுக் குற்றம். அங்கே காதல் கதையாக ஓடும் சில விஷயங்கள் இங்கே பொலிஸ் முறைப்பாடு. அப்படிப்பட்ட குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் வகையில் பிரசுரிப்பதும் குற்றம். எனவே இந்த நிகழ்ச்சியின் இலங்கைப் பதிப்பு ஒன்று வருமா என்று கேட்டவருக்கு இதுவே பதில். முகத்தை மங்கலாக்கிவிட்டு, ஊர் பெயரையும் பள்ளிச் சீருடையையும் காட்டும் செய்திக்காரர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

திருமணத்துக்கு வயது 18. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பதினேழில் எழுத்து எழுத முடியாது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மட்டும் இதற்கு வெளியே நிற்கிறது. அதைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல தசாப்தங்களாகக் கேட்டு வருகிறார்கள். ஆகவே 'வயிற்றில் வந்துவிட்டது, கட்டி வைத்துவிடுவோம்' என்று உறவினர் கூடித் தீர்மானிப்பது சட்டப்படி ஒரு தீர்மானமே இல்லை.

கருக்கலைப்பு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் அதையே சொல்கிறது. வன்புணர்வால் வந்த கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. எனவே பின் சந்துகளில் நடப்பவை நடக்கின்றன. அப்படி எங்காவது போய் இரத்தம் போக்கு, காய்ச்சல் என்றால் தயவுசெய்து வீட்டில் மறைத்து வைக்காமல் உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது: அவசரக் கருத்தடை மாத்திரை, போஸ்டினர் என்ற பெயரில், பார்மசியில் கிடைக்கும், 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கிளினிக்குக்குத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை. உங்கள் பகுதி மிட்வைஃப்பிடம் பதிவதுதான் முதல் வேலை. கர்ப்பிணிக் கொப்பி, இரும்புச் சத்துக் குளிசை, திரிபோஷா எல்லாம் அந்த வழியாகத்தான். பிரசவத்துக்குக் கொழும்பில் காசல் வீதியிலும் கின்சி வீதியிலும் அரச மகளிர் வைத்தியசாலைகள் இருக்கின்றன, காசு கேட்கமாட்டார்கள். வார்டில் யாராவது ஒருவர் 'மாப்பிள்ளை எங்கே' என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பிள்ளையின் தகப்பன் பொறுப்பெடுக்க மறுத்தால்?

திருமணம் ஆகாத பெற்றோர் என்றால், இருவரும் சேர்ந்து கேட்டால்தான் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் போகும். தாய் தனியாகச் சொல்லிப் போட முடியாது. ஆனால் பராமரிப்புக் காசு வேறு விஷயம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நீதவான் நீதிமன்றத்தில் மனு போடலாம். பலர் 'கலியாணம் கட்டவில்லையே, எதைக் கேட்பது' என்று விட்டுவிடுகிறார்கள். கேட்கலாம். கேளுங்கள்.

படிப்பு?

பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி. அதற்குப் பிறகும் சாதாரண தரம், உயர்தரம் இரண்டையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். அதிபர் முகம் சுளித்தார் என்பதற்காகப் பரீட்சையை விட வேண்டாம்.

கேட்லினும் காதலன் டைலரும் பிள்ளையைத் தத்துக் கொடுத்தார்களே, பெற்ற மனம் எப்படி வந்தது?

எங்கள் குழுவில் மிக அதிகம் சண்டை வந்த கேள்வி இது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இருவரும் பதினாறு, பதினேழு வயது. கேட்லினின் அம்மாவும் டைலரின் அப்பாவும் ஒருவரை ஒருவர் மணந்திருந்தார்கள். அந்த வீட்டில் குடி, போதை, சிறை எல்லாம் இருந்தது. 'எங்களுக்குக் கிடைத்த வீடு எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்று 2009 இல் மகளைத் தத்துக் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர்களே எதிர்த்தார்கள். பெரியவர்கள் தவறிய இடத்தில் இரண்டு பிள்ளைகள் பெரியவர்களாக நடந்ததைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அது அன்பில்லாமல் செய்த காரியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அது 'திறந்த' தத்தெடுப்பு: படங்கள் வரும், இடைக்கிடை சந்திக்கலாம் என்று பேச்சு. பேச்சுத்தான். அப்படிப்பட்ட உடன்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாத இடங்கள் நிறைய. பிறகு அந்த இருவரும் 2015 இல் திருமணம் செய்து, வேறு பிள்ளைகளும் பெற்று, பதினைந்து வருடம் கழித்து மூத்த மகளோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று வெளிப்படையாக வருந்துகிறார்கள். வளர்க்கும் பெற்றோருக்கும் ஒரு நியாயம் இருக்கும்: தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரும் படமும் வாராவாரம் டீவியில் அடிபடுவதை எந்தப் பெற்றோர் விரும்புவார்கள்? பதினாறு வயதில் எடுத்த முடிவை முப்பது வயதிலும் கேமரா முன்னால் திரும்பத் திரும்பக் கதைக்க வேண்டியிருப்பது, அந்த முடிவைவிடப் பெரிய பாரம் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் தத்தெடுப்பு 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நீதிமன்றக் கட்டளையோடு, நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் வழியாக நடக்கிறது. 'தெரிந்த ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது, வைத்தியசாலையிலேயே கொடுத்துவிடலாம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எங்களுக்கு அதில் ஒரு கசப்பான வரலாறே உண்டு. 1980 களில் இந்தத் தீவிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பல பேருக்குப் போலிப் பத்திரம், சில பேருக்குத் தாயாக நடித்த பெண். 2017 இல் டச்சு 'செம்ப்ளா' நிகழ்ச்சி அதை வெளியே கொண்டுவந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் கேமரா முன்னாலேயே குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இப்போது தாயைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள்.

பிக் பாஸுக்குச் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

அப்பா போனபோது இந்தக் கேள்வி வரவில்லை என்று நினைக்கிறேன்.

விஜய் டீவியில் 2017 இல் பிக் பாஸ் தமிழ் தொடங்கியதிலிருந்து பிள்ளை உள்ள ஆண்களும் பெண்களும் போயிருக்கிறார்கள். ஆண் போனால் 'குடும்பத்துக்காகப் போராடுகிறார்'. பெண் போனால் 'பிள்ளையை விட்டுவிட்டு இவளுக்கென்ன ஆட்டம்'. அந்தக் குடும்பம் உள்ளே வரும் வாரம், எல்லாரையும் சிலை போல நிற்க வைத்துவிட்டுப் பிள்ளையை உள்ளே ஓடவிடும் விளையாட்டு இருக்கிறதே, அது கண்ணீருக்கென்றே செய்தது. பெரியவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். 'அம்மா ஏன் அசையவில்லை' என்று விளங்காமல் நிற்கும் பிள்ளை எதில் கையெழுத்து வைத்தது? 2018 சீசனில் பிரிந்து வாழ்ந்த தாடி பாலாஜியையும் மனைவி நித்யாவையும் ஒரே வீட்டுக்குள் போட்டபோதும் எனக்கு இதே நினைவுதான். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள், பள்ளிக்கூடம் போகும் வயதில்.

தாய் நூறு நாள் இல்லாமல் போவதைப் பற்றி எங்கள் நாட்டில் இருந்துகொண்டு யாரும் பெரிதாகப் பாடம் எடுக்க முடியாது. வீட்டுப் பணிப்பெண்களாக வளைகுடாவுக்குப் போன தாய்மார் அனுப்பிய காசில் எத்தனை வீடுகள் கட்டப்பட்டன! 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றது. தகப்பனுக்கு அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. டொலர் இல்லாமல் நாடு தவித்த 2022 இல் அந்த விதி தளர்ந்தது. தாய்மையின் புனிதம் அந்நியச் செலாவணிக்கு ஏற்ப ஏறி இறங்கும் போல.

2019 இல் கிளிநொச்சிப் பிள்ளை லொஸ்லியா அந்த வீட்டுக்குள் இருந்தபோது, பத்து வருடம் காணாத தகப்பன் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றார். கொழும்பில் அன்றிரவு அழாத வீடு இல்லை. அது நிகழ்ச்சி தயாரித்த அழுகை என்று தெரிந்தும் அழுதோம். எங்கள் ஒவ்வொருவரின் குடும்பத்திலும் அப்படி ஒருவர் விமான நிலையத்துக்கு அப்பால் இருக்கிறார்.

நாங்களும் ஒரு குடும்பச் சேனல் தொடங்கலாமா? கொஞ்சம் வருமானமும் வருமே.

வருமானம் வேண்டும் என்பதை நான் குறை சொல்லமாட்டேன். பால்மா விலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் சேனலின் கதாநாயகன் யார் என்று பாருங்கள். பிள்ளை இல்லாத வீடியோவுக்குப் பார்வைகள் பாதியாகின்றன என்றால், உழைப்பவர் பிள்ளைதான்.

உழைக்கும் பிள்ளையின் காசுக்கு என்ன கணக்கு? சாப்ளினோடு சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது பெற்றோர் எல்லாவற்றையும் செலவழித்திருந்தார்கள். அதனால்தான் கலிபோர்னியா 1939 இல் பிள்ளை நடிகரின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. பிரான்ஸ் 2020 இல் யூடியூப் பிள்ளைகளுக்கும் அதை விரித்தது. தன் வீடியோவை நீக்கச் சொல்லும் உரிமையையும் பிள்ளைக்கே கொடுத்தது. இல்லினோய் மாநிலத்தில் 2024 ஜூலையிலிருந்து இப்படி ஒரு சட்டம். இந்தியாவில் 2017 விதிகளின்படி நடிக்கும் பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பில் போக வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது. சட்டம் கேட்கும் வரை காத்திராமல், பிள்ளை பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து ஐந்தில் ஒரு பங்கைப் போடுங்கள். போட மனம் வராவிட்டால் அதுவே ஒரு பதில்.

பார்வைகளுக்காக எல்லை தாண்டுவது மிகச் சுலபம். சென்னையின் உணவு யூடியூபர் இர்ஃபான், 2024 மேயில், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பாலினத்தை துபாயில் அறிந்து வந்து வீடியோ போட்டார். இந்தியாவில் 1994 சட்டப்படி தடை செய்யப்பட்டது அது. சுகாதாரத்துறை நோட்டீஸ் அனுப்ப, மன்னிப்புக் கேட்டார். அக்டோபரில் பிரசவ அறைக்குள் தொப்புள்கொடியைத் தானே வெட்டும் வீடியோ. மறுபடி நோட்டீஸ், மருத்துவமனை மீதும் நடவடிக்கை. அவர் கெட்ட தகப்பன் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் மிதக்கும் இளம் தகப்பன் கையில் கேமராவும் லட்சக்கணக்கான பார்வையாளர்களும் இருந்தால், 'இதை எடுக்காமல் விடுவோம்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவருக்கு அன்று அந்த ஆள் இருக்கவில்லை.

தொடங்கத்தான் போகிறீர்கள் என்றால்: குளிக்கும் காட்சி, அழும் காட்சி, நோய், பரீட்சைப் பெறுபேறு வேண்டாம். பள்ளிப் பெயரும் வீட்டு வாசலும் வேண்டாம். பிள்ளை 'வேணாம்' என்றால் அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள். கெஞ்சக் கூடாது, சொக்லேட் கொடுத்து மசிய வைக்கவும் கூடாது.

கணவர் கேமரா முன்னால் வரவே மாட்டாராம். என்ன செய்வது?

விடுங்கள் அந்த மனிதரை. பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க ஒருவர் வேண்டும்தானே.

பிள்ளையைப் பாட்டுப் போட்டிக்குச் சென்னைக்கு அனுப்பலாமா?

2023 இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி ஸீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' வென்றதிலிருந்து இந்த ஆசை கூடிவிட்டது. அனுப்பலாம். ஆனால் மாதக்கணக்கில் ஒரு பெற்றோர் அங்கே தங்க வேண்டும்; வீட்டில் மற்றப் பிள்ளை இருந்தால் அதற்கு யார் என்று முதலில் முடிவெடுங்கள். மேடையில் உங்கள் குடும்பத்தின் கஷ்டத்தையும் போர்க் கதையையும் சொல்லச் சொல்வார்கள். எது வரை சொல்வது என்று பிள்ளையோடு விமானம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

வேலைக்குப் போகும் இளம் தாய்க்கு இங்கே என்ன லீவு உண்டு?

2018 திருத்தத்துக்குப் பிறகு தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள், சம்பளத்தோடு. அரச ஊழியருக்கு அதற்கு மேல் அரைச் சம்பளத்தில் 84, சம்பளமில்லாமல் இன்னொரு 84 எடுக்கலாம். தகப்பனுக்கு அரசில் மூன்று நாள். தனியாரில் சட்டப்படி ஒன்றும் இல்லை, முதலாளி மனம் வைத்தால் உண்டு.

யாரிடம் உதவி கேட்பது?

பிள்ளைகள் சம்பந்தமான எதற்கும் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. பெண்களுக்கு 1938. மனம் தாங்காமல் இருந்தால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1333 உம் இருக்கிறது. பிள்ளை பிறந்து இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காவிட்டால், பிள்ளையைக் கண்டால் வெறுப்பு வந்தால், மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அப்படிச் சொன்ன இருவரையும் யாரும் பைத்தியம் என்று எழுதி வைக்கவில்லை.

சரி, பார்க்கத்தான் வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? மகளோடு பார்க்கலாமா?

'சிக்ஸ்டீன் அண்ட் பிரெக்னன்ட்' முதல் சீசன், ஆறு பகுதிகள். கேட்லினின் பகுதி கடைசிப் பக்கத்தில் வரும், அதை விடாதீர்கள். பிறகு நேரே 2015 க்குத் தாவி, தயாரிப்பாளர்கள் கேமராவுக்கு முன்னால் வரும் பகுதிகளைப் பாருங்கள். இடையில் உள்ள சண்டைகளும், எல்லாரையும் சோபாவில் இருத்திக் கிளறும் சீசன் இறுதி நிகழ்ச்சிகளும் நேர விரயம். மகளுக்குப் பதினாலு, பதினைந்து என்றால் சேர்ந்தே பாருங்கள், இடையில் நிறுத்திக் கதையுங்கள், கருத்தடை பற்றிய கேள்வி வந்தால் முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்லுங்கள். முதல் சீசனில் பிறந்த குழந்தைகள் இப்போது அவர்களுடைய தாய்மார் அன்றிருந்த வயதை எட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். என் மருமகள் அதைக் கேட்டதும் முதலில் கேட்டது, 'அந்தப் பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்களா சித்தி?' என்பதுதான்.